உளி முதல் சிஎன்சி வரை: வீட்டுப் படகு செய்வதில் எதை மெஷினிடம் விடலாம், எதை விடவே கூடாது?

பூஜை அறைக் கதவில் மணி வரிசை, ஹாலில் ஜாலி தடுப்பு, வாசலில் பெயர்ப் பலகை... சென்னைப் புறநகரில் இதையெல்லாம் இன்றைக்கு வெட்டித் தருவது பெரும்பாலும் சிஎன்சி மெஷின்தான். கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினால் போதும், 8 அடிக்கு 4 அடி பலகையை மேசையில் படுக்க வைத்து, கோடு பிசகாமல் வெட்டிக் கொடுத்துவிடும்.

பம்மல், பல்லாவரம், தாம்பரம் பக்கம் இருக்கும் ஒரு மரப்பட்டறையில் இதே மெஷினை வைத்து ஒரு சின்னப் படகுக்கான பலகைகளை வெட்ட முடியுமா? முடியும். வெளிநாடுகளில் வீட்டிலேயே படகு செய்பவர்கள் பலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், 'வெட்டி முடிச்சா படகு ரெடி' என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். கைக்கருவியில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாறும்போது என்ன மாறுகிறது, என்ன மாறுவதே இல்லை? விரிவாகப் பார்க்கலாம்.

கடல் இல்லாத பம்மலில் படகு எதற்கு?

பம்மலுக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் தண்ணீர் பயம் உண்டு. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து அனகாபுத்தூர், முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட பகுதிகள் மூழ்கின. கடற்கரைக் கிராமங்களில் இருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையின் பல தெருக்களில் படகு ஓடியது.

2021-ல் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஊர் மாநகராட்சி ஆனாலும், ஐப்பசி, கார்த்திகை வந்தால் 'நம்ம தெருவுக்கு ஒரு படகு இருந்தா நல்லா இருக்குமே' என்ற பேச்சு இந்தப் பக்கம் இயல்பாகவே வரும். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஆபத்து என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கைக்கருவி காலத்தில் படகு எப்படி உருவானது?

தமிழகக் கடற்கரையின் பழைய படகு கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளை வாச்சி, உளி கொண்டு செதுக்கி, பக்கத்தில் பக்கம் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். பெயரே அதைத்தான் சொல்கிறது. இந்தச் சொல்தான் ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளுக்குப் போய், இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராக நிற்கிறது.

இன்னொன்று மசூலா படகு. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை இந்தப் படகுகள். இவற்றின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. தென்னை நார்க் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்தார்கள். காரணம் ரொம்ப எளிமையானது. சென்னைக் கடற்கரையில் அலை வேகமாக வந்து உடையும். ஆணி அடித்த இறுக்கமான படகு அந்த அடியில் விரிசல் விடும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், உடையாது.

இந்த இரண்டிலும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. வரைபடம் காகிதத்தில் இல்லை, செய்பவரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. எந்தக் கரையில் இறக்கப் போகிறார்கள், எத்தனை பேர் ஏறுவார்கள், என்ன வலை போடுவார்கள் என்று பார்த்து அளவு மாறும். ஒரே ஊரில் இரண்டு கட்டுமரம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது.

பிளைவுட் வந்தது, தையல் திரும்பியது

1980-களில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரங்கள் கிடைப்பது கஷ்டமாகி, விலையும் ஏறியது. அப்போது பெல்ஜியப் பொறியாளர் பியர் கிலே, முட்டம் பகுதி மீனவர்களோடு சேர்ந்து மரைன் பிளைவுட் படகுகளை உருவாக்கினார். பின்னர் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' படகுத் தளங்கள் நடத்தி, பிளைவுட் படகுகளைத் தென்கோடிக் கடற்கரையில் பரப்பியது.

அதே காலத்தில் சென்னையிலும் முயற்சிகள் நடந்தன. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தது. அலை உடையும் கரையில் நேரடியாக ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை வடிவமைப்பது அதன் பணிகளில் ஒன்று.

பிளைவுட் படகு செய்வதற்கு உலகம் முழுக்கப் பிரபலமான முறை 'தைத்து ஒட்டுவது'. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, தாமிரக் கம்பியால் தைத்து, உள்பக்க மூட்டில் பசை பூசி, மேலே கண்ணாடியிழைத் துணி ஒட்டுவார்கள். இந்த முறையை வீடுகளுக்குள் கொண்டுபோனது இங்கிலாந்தின் 'மிரர்' படகு. 1960-களின் தொடக்கத்தில் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளை டிவியில் சொல்லிக்கொடுத்துப் பிரபலமான பாரி பக்நெல்லும் சேர்ந்து உருவாக்கிய இந்தப் படகுக்கு 'டெய்லி மிரர்' நாளிதழ் ஆதரவு தந்தது. வெட்டிய பலகைகள் ஒரு செட்டாக வீட்டுக்கே வரும், தைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதுவரை 70,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், சென்னைக் கடற்கரை நார்க் கயிற்றால் செய்த அதே தையல்தான் இது. கயிறு கம்பியாக மாறியது, நெளிவுக்குப் பதில் இறுக்கம் வந்தது. அவ்வளவுதான்.

பிறகு வந்தது ஃபைபர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் மானியத்திலும் ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழகக் கடற்கரைக்கு வந்தன. ஃபைபர் படகுக்கு ஒரு மோல்டு வேண்டும். மோல்டு செய்வது செலவு. ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் இட்லித் தட்டில் இட்லி எடுப்பது போல ஒரே அளவில் படகு எடுத்துக்கொண்டே இருக்கலாம். இங்கேதான் ஒரு இழப்பும் நடந்தது. ஆளுக்கும் கரைக்கும் ஏற்ப அளவு மாற்றும் பழக்கம் குறைந்தது. சிஎன்சி கதைக்குள் போகும் முன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சிஎன்சி என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் எழுதிய கட்டளைப்படி கத்தி நகரும் மெஷின். இதன் தொடக்கம் 1940-களின் கடைசி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கைக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். வளைவின் மேல் இருக்கும் புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களை வைத்தே மெஷினை நகர்த்தலாம் என்பது அவர் யோசனை. எம்.ஐ.டி. நிறுவனம் 1952-ல் அப்படிப்பட்ட மெஷினை இயக்கிக் காட்டியது. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன.

காஞ்சிபுரம் தறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பட்டுச் சேலை பார்டரில் மயிலும் யாளியும் வருவது ஜக்கார்ட் அட்டையில் இருக்கும் துளைகளால்தான். துளை இருந்தால் நூல் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. 1800-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வந்த அந்த யோசனைக்கும் இன்றைய சிஎன்சிக்கும் அடிப்படை ஒன்றே: கையின் வேலையை முன்கூட்டியே எழுதி வைப்பது.

இன்றைய மெஷினில் அட்டைக்குப் பதில் 'ஜி-கோட்' என்ற கட்டளை வரிகள். 'ஜி0' என்றால் வெட்டாமல் வேகமாக நகரு. 'ஜி1' என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. 'ஜி2', 'ஜி3' என்றால் வட்ட வளைவில் வெட்டு. ஒரு முழுப் படகும் இப்படிச் சில ஆயிரம் வரிகளாக மாறிவிடும்.

கையில் எந்த வேலை மிச்சமாகிறது?

பழைய முறையில், படகின் அளவுப் பட்டியலை வைத்துத் தரையில் நிஜ அளவில் கோடு போட வேண்டும். வளையும் மரப்பட்டையை ஆணிகளுக்கு நடுவே வைத்து, வளைவு சீராக ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அதைப் பலகைக்கு மாற்றி, ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே வெட்டி, இழைப்புளியால் கோடு வரை இழைக்க வேண்டும். இடது பக்கப் பலகையும் வலது பக்கப் பலகையும் ஒன்றாக இருக்க, இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுபடி இழைப்பார்கள். இதற்கே பல நாள் ஆகும்.

மெஷினில் இது எப்படி? ஒரு கணக்கு பார்க்கலாம். சின்னப் படகு ஒன்றின் பலகைகளுக்கு மொத்தம் 40 மீட்டர் நீளத்துக்கு வெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 20 நிமிடம். 6 மி.மீ. பலகையை இரண்டு முறை ஆழமாக்கி வெட்டினாலும் 40 நிமிடம். பலகை மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

நேரத்தைவிடப் பெரிய லாபம் இரண்டு.

ஒன்று, மூட்டு. கடையில் கிடைக்கும் பிளைவுட் 8 அடிதான். அதைவிட நீளமான படகுக்குப் பலகையோடு பலகை சேர்க்க வேண்டும். கையால் செய்தால் இரண்டு ஓரத்தையும் சாய்வாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். சாய்வின் நீளம் பலகைத் தடிமனைப் போல 8 மடங்கு என்பது வழக்கம். 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இதைச் சரியாக இழைக்கத் தேர்ந்த கை வேண்டும். சிஎன்சி, குழந்தைகளின் படப் புதிர் அட்டை போல ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் வடிவில் ஓரத்தை வெட்டிவிடும். பசை தடவிக் கோத்தாலே நீளம் தானாகச் சரியாக வரும்.

இரண்டு, தையல் துளை. எதிரெதிர் பலகைகளின் துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும். மெஷின் சுமார் 15 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையும் போட்டுவிடுவதால், கம்பியை நுழைத்ததும் பலகைகள் தாங்களே உரிய இடத்தில் வந்து உட்காரும்.

மெஷின் எங்கே கைவிடும்?

கையால் வெட்டுபவர் தப்பு செய்தால் ஒரு பலகையோடு நிறுத்திவிடுவார். 'ஏதோ சரியில்லையே' என்று கண் சொல்லும். மெஷினுக்கு அந்தக் கண் கிடையாது. ஃபைலில் தப்பு இருந்தால், எல்லாப் பலகையிலும் அந்தத் தப்பை அழகாக, துல்லியமாகச் செய்து முடித்துவிடும். அடிக்கடி நடக்கும் கோளாறுகள் இவை:

அளவு அலகு: வரைந்தது மில்லிமீட்டரில், மெஷின் படித்தது அங்குலத்தில் என்றால் எல்லாம் 25.4 மடங்கு மாறும். இவ்வளவு பெரிய மாற்றம் உடனே தெரிந்துவிடும். அச்சிடும்போது சில சதவீதம் சுருங்கிய படத்தில் இருந்து வரைந்திருந்தால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் ஃபைலின் மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து வைத்து, முதலில் அதை மட்டும் வெட்டி அளந்து பார்ப்பது நல்லது.

கத்தியின் தடிமன்: 6 மி.மீ. கத்தி கோட்டின் மேலேயே ஓடினால் ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. போய்விடும். வெளி ஓரத்துக்குக் கோட்டின் வெளியே, உள் துளைக்குக் கோட்டின் உள்ளே ஓட வேண்டும். இதை ஃபைல் தயாரிப்பவரிடம் வாயால் சொன்னால் போதாது, திரையில் காட்டச் சொல்லிப் பார்க்கணும்.

பலகைத் தடிமன்: '6 மி.மீ.' என்று விற்கும் பலகை அளந்தால் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். பலகையில் பலகை சொருகும் இடங்கள் லூசாகிவிடும். வாங்கிய பலகையை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்த பிறகுதான் ஃபைலை முடிவு செய்ய வேண்டும்.

உள்மூலை: வட்டமாகச் சுழலும் கத்தியால் 90 டிகிரி உள்மூலை வெட்டவே முடியாது. மூலையில் சின்ன வட்டக் குழி விட்டு வரைய வேண்டும், இல்லையென்றால் உளியை எடுக்க வேண்டியதுதான்.

துண்டு பறப்பது: முழுதாக வெட்டுப்பட்ட துண்டு கத்தியில் மாட்டிப் பறக்கும். அதைத் தடுக்க ஆங்காங்கே சின்ன 'பாலம்' விட்டு வெட்டி, கடைசியில் கையால் அறுத்து எடுப்பார்கள். பூஜைக் கதவு வேலைக்குப் பழகிய கடையாக இருந்தாலும் நீளமான படகுப் பலகைக்கு இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு.

இதற்கெல்லாம் மேல் ஒரு அடிப்படை விதி இருக்கிறது. பிளைவுட்டைக் காகிதம் போல ஒரு பக்கமாகத்தான் வளைக்க முடியும். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம். பந்தாக மாற்ற முடியாது. படகின் வடிவமும் குழாய், கூம்பு துண்டுகளால் ஆனதாக இருந்தால்தான் தட்டையான பலகையில் விரித்து வெட்ட முடியும். கம்ப்யூட்டரில் எந்த வடிவத்தையும் வரையலாம். பலகை அதற்குச் சம்மதிக்கணும்.

இதைச் சோதிக்க மலிவான வழி அட்டை மாதிரி. 1:10 அளவில் பலகைகளை அட்டையில் வெட்டி, டேப் போட்டு ஒட்டினால், 6 அடி வரும் பலகை 18 செ.மீ. ஆகிவிடும். அட்டை மடங்க மறுக்கும் இடத்தில் பலகை உடையும்.

வெட்டிய பிறகுதான் படகு வேலை ஆரம்பம்

பலகைகள் வந்ததும் கம்பியில் தைத்து நிறுத்தினால், அரை நாளில் பார்ப்பதற்குப் படகு மாதிரியே இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தைத்து நிற்கும் படகு முறுக்கிக்கொண்டு இருக்கலாம். முன்பக்கம் இடதுபுறமும் பின்பக்கம் வலதுபுறமும் லேசாகச் சாய்ந்திருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. அப்படியே பசை இறுகிவிட்டால், துடுப்பு போடும்போது படகு எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

முன்னும் பின்னும் படகின் குறுக்கே இரண்டு நேரான சட்டங்களை வைத்து, ஒரு முனையில் நின்று பார்த்து, இரண்டும் ஒரே மட்டத்தில் தெரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். நடுவில் நூல் கட்டிப் பார்க்க வேண்டும். இது முழுக்க ஆசாரியின் கண் வேலை. மெஷின் எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் இதைச் செய்து தராது.

அடுத்து எபாக்ஸி பசை. இங்கே சென்னை வானிலை பெரிய விஷயம். வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டு வீடியோவில் 'அரை மணி நேரம் கையில் இருக்கும்' என்று சொல்வார்கள். அதையே மே மாதம் பம்மல் மொட்டை மாடியில் கலந்தால் சில நிமிடத்தில் டப்பாவிலேயே சூடாகிப் புகையத் தொடங்கும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் பரப்பிவிட வேண்டும். அளவைக் கண்மதிப்பில் போடாமல் தராசில் எடை போடுவதே சரி.

மழைக்காலத்தில் சிக்கல் வேறு. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு போட்டால், பின்னாளில் உரிந்துவிடும். அந்த வகையில், சென்னையில் இந்த வேலைக்கு வசதியான காலம் தை முதல் பங்குனி வரை. முடிந்த பிறகு பெயின்ட் கட்டாயம். வெயில் படும் எபாக்ஸி, மேல்பூச்சு இல்லாவிட்டால் நாளடைவில் கெட்டுப்போகும்.

கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூன்றும் வேண்டும். எபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டால் சிலருக்கு நிரந்தரமாக ஒவ்வாமை வந்துவிடும்.

எந்த பிளைவுட் வாங்குவது?

மரைன் பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. இதன் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் பிரியக் கூடாது என்பது நிபந்தனை. சாதாரண மேசை, அலமாரிக்குப் பயன்படும் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்ற தனி எண் உண்டு. அதைப் படகுக்கு எடுக்கக் கூடாது.

பலகையில் '710' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். பலகையின் ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் வேண்டாம். படகுப் பலகை வளையும்போது முதலில் உடைவது அந்த இடத்தில்தான்.

எவ்வளவு எடை தாங்கும்?

பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதி போதும். அடிப்பாகம் 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் உள்ள தட்டைப் படகை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1.8 சதுர மீட்டர். படகு 1 செ.மீ. தண்ணீரில் இறங்கினால் 18 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். அதாவது ஒவ்வொரு செ.மீ.க்கும் 18 கிலோ தாங்கும்.

8-க்கு 4 அடி, 6 மி.மீ. பலகை ஒன்று சுமார் 12 கிலோ. பசை, சட்டம், இருக்கை எல்லாம் சேர்த்து படகு 35 கிலோ என்று வைத்தால், இரண்டு பேரோடு (130 கிலோ) மொத்தம் 165 கிலோ. படகு சுமார் 9 செ.மீ. மூழ்கும். பக்கச் சுவர் 35 செ.மீ. உயரம் என்றால் இன்னும் 26 செ.மீ. மேலே இருக்கிறது.

'அப்போ இன்னும் ரெண்டு பேர் ஏறலாமே' என்று தோன்றும். கணக்குப்படி மிதக்கும். ஆனால் மிதப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. எல்லோரும் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரை மட்டும்தான் இந்தக் கணக்கு. ஒருவர் எழுந்து நின்றாலோ, இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, அந்த 26 செ.மீ. நொடியில் காணாமல் போகும்.

சரி, வெள்ளத்துக்குப் பயன்படுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. நேர்மையான பதில்: வீட்டில் செய்த சின்னப் படகை மீட்புப் படகாக நம்பக் கூடாது.

ஏரியில் அமைதியாக நிற்கும் தண்ணீரும் தெருவில் ஓடும் வெள்ளமும் ஒன்றல்ல. வெள்ளத்துக்கு அடியில் காம்பவுண்டு சுவர், கேட் கம்பி, திறந்த மழைநீர் வடிகால், சில சமயம் மின்கம்பி. 6 மி.மீ. பலகை ஒரு கேட் கம்பி குத்தினால் கிழிந்துவிடும். பயந்து போயிருப்பவர்கள் படகில் ஏறும்போது ஒரே பக்கமாகத் தொங்குவார்கள். 2015-ல் மீனவர்களின் படகு பலரைக் காப்பாற்றியதற்குக் காரணம் படகு மட்டுமல்ல. தண்ணீரோடு வாழ்ந்தவர்கள் அதை ஓட்டினார்கள். வெள்ளத்தில் சிக்கினால் தீயணைப்புத் துறை, பேரிடர் மீட்புப் படையை அழைத்துவிட்டு மேல்தளத்தில் காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

சட்டமும் உண்டு. உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு வேண்டும். இயந்திரம் இல்லாத படகுகளுக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்கு மீன்வளத் துறையின் விதிகள் உள்ளன. நம்ம ஊர் ஏரிதானே என்று அனுமதி இல்லாமல் எதிலும் இறக்க முடியாது. முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் பலகை வாங்குவது புத்திசாலித்தனம்.

அப்படியானால் வீட்டுப் படகு எதற்கு? பழக. துடுப்பு போட, பாய்மரம் கற்க. உலகம் முழுக்கக் குழந்தைகள் பாய்மரம் பழகும் 'ஆப்டிமிஸ்ட்' படகு அப்படித்தான் பிறந்தது. 1947-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த இது, 8 அடி பிளைவுட்டில் அடங்கும்படி 2.3 மீட்டர் நீளத்தில் அமைந்தது. வீட்டிலேயே அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்யட்டும் என்பதுதான் யோசனை.

ஆசாரிகளின் வேலை போய்விடுமா?

படகு செய்யும் தச்சர்களின் வேலையைப் பெரிய அளவில் எடுத்தது சிஎன்சி அல்ல, அதற்கு முன்பே வந்த மோல்டு. ஒரே அளவில் ஆயிரம் படகு எடுக்கும்போது, அளவை யோசிக்கும் ஆளுக்கு வேலை இல்லாமல் போனது.

சிஎன்சி இதில் வேறு மாதிரி. அதற்கு மோல்டு தேவையில்லை. இன்று 8 அடிப் படகு, நாளை 11 அடிப் படகு, ஒருவருக்கு அகலமாக, இன்னொருவருக்கு ஆழமாக என்று ஃபைலை மாற்றி ஒன்றே ஒன்றுகூட வெட்டலாம். கட்டுமரக் காலத்தில் இருந்த 'ஆளுக்கேற்ற அளவு' என்ற பழக்கம் திரும்பி வர இது ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த அளவு என்ன என்று சொல்ல, தண்ணீரையும் மரத்தையும் அறிந்த ஒருவர் வேண்டும். ஃபைலை இன்டர்நெட்டில் வாங்கலாம். அனுபவத்தை வாங்க முடியாது.

ரம்பம் பிடித்த கைக்கு இனி வேலை குறையலாம். மட்டம் பார்க்கும் கண்ணுக்கும், பலகை எங்கே உடையும் என்று தட்டிப் பார்த்தே சொல்லும் காதுக்கும் வேலை குறையாது. சிஎன்சி கடையும் அனுபவமுள்ள ஓர் ஆசாரியும் சேர்ந்தால்தான் நல்ல படகு.

வெட்டக் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

• 1:10 அட்டை மாதிரி செய்து, தைத்து, தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்தாச்சா?

• வாங்கிய பலகையின் நிஜத் தடிமன் ஃபைலில் இருக்கிறதா?

• 100 மி.மீ. சோதனைச் சதுரம் வெட்டி அளந்தாச்சா?

• கத்தி கோட்டின் எந்தப் பக்கம் ஓடும் என்று திரையில் பார்த்தாச்சா?

• முன்னும் பின்னும் காற்று புகாத அடைப்பு அறைகள் வரைபடத்தில் இருக்கின்றனவா? தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்காமல் பிடித்து நிறுத்துவது அவைதான்.

• ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்கியாச்சா?

இதில் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், மற்ற ஐந்தும் சரியாக இருந்தாலும் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.